சயந்தினி உட்கார இடம்

அந்தக் காரை வாங்குவதற்கு முன் சயந்தினி அதற்குள் ஏறிப் பார்க்கவில்லை. ஏறிப் பார்த்திருந்தால் வாங்கியிருக்க மாட்டாள் என்று அவள் கணவன் றமணன் பிறகு கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அது உண்மையில்லை. ஏறிப் பார்த்திருந்தாலும் வாங்கித்தான் இருப்பாள்.

இங்கிலாந்தின் கென்ட் பக்கத்தில் ஒரு கொட்டகைக்குள் அது நின்றது. ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்து நான்காம் ஆண்டின் ஃபோர்ட் கூப்பே. இரண்டே இரண்டு பேர் இருக்கலாம். முன்னொரு காலத்தில் கலிபோர்னியாவில் யாரோ அதை ஹொட் றொட் ஆக்கியிருந்தார்கள். அதாவது, வேகத்துக்குத் தேவையில்லாததையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை முன்னால் இறக்கி, கூரையைத் தாங்கும் தூண்களில் நான்கு அங்குலத்தை வெட்டியெடுத்துவிட்டு மறுபடியும் பற்றவைத்திருந்தார்கள். அதனால் கண்ணாடிகளெல்லாம் ஒடுங்கி, கார் நிலத்தோடு பதுங்கிக் கிடந்தது. நல்ல கறுப்பு நிறம். கொட்டகைக் கதவைத் திறந்ததும் வெளிச்சம் அதன் முதுகில் வழுக்கிக்கொண்டு போனது. அப்போதே சயந்தினிக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிட்டது. விற்றவரின் கையைப் பிடித்துக் குலுக்கி, வியாபாரத்தை முடித்த பிறகுதான் உள்ளே ஏறினாள்.

ஏறினாள் என்று சொல்லவும் முடியாது. ஒரு காலை வைத்தாள், இடுப்பை மடித்தாள், தலையைச் சரித்தாள், மற்றக் காலை எப்படி உள்ளே எடுப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றாள். சயந்தினியின் உயரம் ஆறடி மூன்று அங்குலம். ஒருவழியாக உள்ளே போய் இருந்தபோது காது தோளில் ஒட்டியிருந்தது. முழங்கால்கள் ஸ்டியரிங்கின் இரண்டு பக்கமும் நெஞ்சளவுக்கு எழும்பி நின்றன. கண்ணுக்கு நேரே இருந்தது கண்ணாடியல்ல, கண்ணாடிக்கு மேலேயிருந்த தகடு.

“என்ன, ரோட்டுத் தெரியுதோ?” என்று றமணன் குனிந்து கேட்டான்.

“என்ரை முழங்கால் தெரியுது,” என்றாள் சயந்தினி. பிறகு இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள்.

றமணன் ஐந்தடி ஐந்து அங்குலம். அவன் ஏறி இருந்தபோது, தையல்காரர் அளவெடுத்துத் தைத்த சட்டை போலக் கார் அவனுக்குப் பொருந்தியது. காரைத் தெற்கு லண்டனில், மோர்டனிலுள்ள வீட்டுக்கு ஓட்டி வந்தது அவன்தான். பக்கத்து இருக்கையில் கழுத்தை மடித்தபடி, எஞ்சினின் உறுமல் முதுகெலும்பு வழியாக ஏறுவதை உணர்ந்துகொண்டு, சயந்தினி வழி முழுக்கச் சிரித்த முகத்தோடுதான் வந்தாள். ஆனால் வீட்டு வாசலில் கார் நின்றதும் அவள் முகம் மாறியது. சாவி றமணனின் கையில் இருந்தது.

சயந்தினி நிலக்கீழ் ரயில் ஓட்டுநர். மோர்டனில் புறப்பட்டு, லண்டனின் வயிற்றுக்குள்ளால் வடக்கே போய்த் திரும்பி வருவது அவளுடைய ஷிப்ட். அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும். ஒரு குறை மட்டும் உண்டு. ரயிலுக்கு ஸ்டியரிங் இல்லை. வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். ஆனால் எந்தப் பக்கம் போவது என்பதைத் தண்டவாளம்தான் முடிவுசெய்யும். வாடகைக்கு எடுக்கும் சாதாரணக் கார்கள் தானே திருப்பி ஓட்டும் அவளுடைய ஆசையைத் தீர்க்கவில்லை. கையில் முரண்டு பிடிக்கிற, பிடித்து அடக்கித் திருப்புகிற ஒரு வண்டி அவளுக்கு வேண்டியிருந்தது.

அந்தக் கோடையின் தொடக்கத்தில் றமணன்தான் காரை ஓட்டினான். அவன் கண் பரிசோதகர். அமைதியான ஆள். சனிக்கிழமைகளில் கடையைப் பூட்டியதும் காரை எடுத்துக்கொண்டு விம்பிள்டன் பக்கம் ஒரு சுற்றுப் போய்வருவான். சிவப்பு விளக்கில் நின்றால் பக்கத்து வேனிலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார்கள். பிள்ளைகள் கையசைப்பார்கள். அவன் வீட்டுக்கு வரும்போது தோள்கள் சற்று அகன்றிருக்கும். சயந்தினி அதைக் கவனித்தாள்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்:

“செப்டெம்பரிலை எசெக்ஸ் கடற்கரையிலை பழைய காருகளுக்கு மணல் ஓட்டம் இருக்கு. பேர் குடுத்திட்டன்.”

“ஆர் ஓடுறது?”

“நான்தான்.”

“உமக்கென்ன விசரே, சயந்தி? உமக்கு அதுக்குள்ள இருக்கவே ஏலாது.”

“அதுக்கு வழி பாப்பம்,” என்று சொல்லிவிட்டு அவள் இன்னும் கொஞ்சம் சொதி விட்டுக்கொண்டாள்.

வழி இலேசில் கிடைக்கவில்லை. கேட்ட கராஜ்காரர்களெல்லாம் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். வெட்டிய கூரையைத் திரும்ப உயர்த்தினால் சரி. சயந்தினிக்கு அதைக் கேட்கவே எரிச்சல் வந்தது. அந்தத் தாழ்ந்த கூரைக்காகத்தானே அவள் காரை வாங்கினாள்? கடைசியில், கிழக்கு லண்டனின் ஃபாரஸ்ட் கேட்டில் ரயில் பாலத்தின் வளைவு ஒன்றுக்குள் பட்டறை வைத்திருக்கும் பெனிற்றாவைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு அங்கே போனார்கள்.

பெனிற்றா வெல்டிங் வேலைக்காரி. யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி. உயரம் ஐந்தடிகூட வராது. அவளுடைய கூட்டாளி சேகர் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கார் கம்பனிக்கு வரைபடம் போட வந்து, மேசையில் இருந்து அலுத்துப்போய், பெனிற்றாவோடு சேர்ந்துகொண்டவன். பெனிற்றா காரைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பிறகு சயந்தினியைக் காலிலிருந்து தலைவரைக்கும் அண்ணாந்து பார்த்தாள்.

“கூரையைத் தூக்கினால் சுகமான வேலை,” என்றாள்.

“கூரையிலை கை வைக்கேலாது. வேற எதை வேணுமெண்டாலும் வெட்டுங்கோ.”

பெனிற்றாவின் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. “நல்லது. தூக்கச் சொல்லியிருந்தால் நான் இந்த வேலையை எடுத்திருக்க மாட்டன்.”

சேகர் ஏற்கனவே காருக்கு அடியில் படுத்திருந்தான். அங்கிருந்தே குரல் கொடுத்தான்: “மேல போக முடியாதுன்னா கீழதான் போகணும். டிரைவர் பக்கம் தரையை வெட்டி மூணு இஞ்ச் இறக்கிடலாம். சைலன்சர் குழாய் குறுக்க வருது, அதைக் கொஞ்சம் வளைச்சு விடணும். அவ்வளவுதான்.”

அவன் சொன்னபடியே செய்தார்கள். ஓட்டுநரின் காலடித் தகட்டை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் ஆழமான தட்டுப் போல ஒன்றைப் பற்றவைத்தார்கள். இருக்கையின் பழைய ஸ்பிரிங்குகளை எறிந்துவிட்டு மெல்லிய மெத்தை ஒன்றைப் போட்டார்கள். சயந்தினி ஏறி இருந்தாள். கழுத்து நிமிர்ந்தது. தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. கண்ணுக்கு நேரே, ஒடுங்கிய கண்ணாடிக்குள், ஃபாரஸ்ட் கேட் தெரு முழுவதும் தெரிந்தது. சயந்தினி ஒரு கூச்சல் போட்டாள். மேலே போன ரயிலின் சத்தத்தையும் மீறி அது கேட்டது. நான்கு பேரும் கட்டிப்பிடித்துக் குதிக்காத குறை.

சோதனை ஓட்டத்துக்கு, எசெக்ஸில் இப்போது பயன்பாட்டில் இல்லாத ஒரு சிறிய விமான ஓடுபாதையை வாடகைக்கு எடுத்தார்கள். ஓடுபாதையின் முடிவில் கம்பிவேலி. அதற்கப்பால் பார்லி வயல்.

முதலில் மெதுவாக ஒருமுறை போய் வந்தாள். எல்லாம் சரி. இரண்டாவது முறை அழுத்தினாள். கார் பாய்ந்தது. முதுகு இருக்கையோடு ஒட்டியது. எட்டு சிலிண்டரும் சேர்ந்து போட்ட சத்தத்தில் பற்கள் அதிர்ந்தன. ஸ்டியரிங் இரண்டு கைக்குள்ளும் உயிருள்ள மீன் போலத் துள்ளியது. இதுதான், இதைத்தான் நான் கேட்டேன் என்று அவளுக்குள் ஒரு குரல் கத்தியது. ஓடுபாதையின் பாதி தாண்டியதும் பிரேக்கை மிதிக்கக் காலை எடுத்தாள்.

கால் வரவில்லை.

இருக்கை கீழே இறங்கியபோது அவளுடைய முழங்கால் மேலே எழும்பி ஸ்டியரிங் வட்டத்துக்கு அடியில் போயிருந்தது. மெதுவாகப் போகும்போது அது தெரியவில்லை. வேகத்தில் உடம்பு சற்றுச் சரிந்ததும் முழங்கால் அங்கே ஆப்புப் போல இறுகிவிட்டது. பாதம் அக்சிலரேட்டரின் மேலேயே கிடந்தது. ஸ்டியரிங்கையும் திருப்ப முடியவில்லை. வேலி நேரே வந்துகொண்டிருந்தது.

ரயில் ஓட்டுகிறவர்கள் அவசரத்தில் யோசிப்பதில்லை, கை தானாகப் போகும். சயந்தினியின் இடது கால் கிளட்சை மிதித்தது. வலது கை சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தியது. பிறகு கைப்பிரேக்கைப் பிடித்து முழுப் பலத்தோடும் இழுத்தாள். கார் ஒரு பக்கமாக வழுக்கி, கம்பிவேலியைப் பிய்த்துக்கொண்டு, பார்லிக்குள் போய் நின்றது.

றமணன் ஓடிவந்தான். கதவைத் திறந்தபோது சயந்தினி முழங்காலை இழுத்தெடுத்துக்கொண்டு இறங்கினாள். அவளுடைய தலைமுடியெல்லாம் பார்லித் தூசி. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“போதும்,” என்றான் றமணன். “போதும், சயந்தி. நாளைக்கே இதை வித்துப்போடுவம்.”

பெனிற்றா காரின் வாசலில் முழந்தாளிட்டு, ஸ்டியரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவிலிருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முகம் செத்துப்போயிருந்தது. “பிழை என்னிலைதான்,” என்றாள். “தலையைப் பாத்தன். காலைப் பாக்கேல்லை.”

“எங்க ரெண்டு பேர் மேலயும்தான்,” என்றான் சேகர். “ஹெல்மெட்டையும் மறந்துட்டோம். ஓட்டத்துல ஹெல்மெட் போடணும்ல? போட்டா திரும்பவும் தலை இடிக்கும்.”

காரை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். முன்பக்கத்தில் ஒரு கீறலும் ஒரு விளக்கும்தான் சேதம். அந்த வாரம் முழுவதும் றமணன் விற்பனை விளம்பரத்துக்காகப் படமெடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டேயிருந்தான். ஆனால் போகவில்லை. பிறகு பெனிற்றாவிடமிருந்து அழைப்பு வந்தது.

“ஒருக்கா வாங்கோ. ரெண்டு பேரும் வாங்கோ. கார் வேண்டாம், ஆள்தான் வேணும்.”

போனபோது, பட்டறையின் நடுவே ஒரு விசித்திரம் இருந்தது. பால் போத்தல் கூடைகள் இரண்டு, அவற்றின் மேல் ஒரு பலகை, அதற்குப் பின்னால் சாய்வாக நிறுத்திய இன்னொரு பலகை. பக்கத்தில் ஒரு கம்பித் தாங்கியில் ஸ்டியரிங் மட்டும் தனியே நின்றது. கார் தூரத்தில் ஒரு மூலையில், போர்வை போர்த்திக் கிடந்தது.

“இவ்வளவு நாளும் காருக்குள்ள உங்களைப் பிடிச்சுத் தள்ளினம்,” என்றாள் பெனிற்றா. “இனிக் காரை மறந்துபோங்கோ. இதிலை ஏறி, உங்களுக்கு எப்பிடிச் சுகமோ அப்பிடி இருங்கோ. கண்ணை மூடிக்கொண்டு இருங்கோ.”

சயந்தினி ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பலகையில் இருந்தாள். வாழ்க்கையில் எங்கே இருந்தாலும் அவள் தன்னைக் கொஞ்சம் மடித்துக்கொண்டுதான் இருப்பாள். பேருந்தில், கலியாண மண்டபத்துக் கதிரைகளில், தன் வீட்டுச் சோபாவில்கூட. அதனால் முதலில் முழங்கால்களைச் சேர்த்து, தோள்களைக் குறுக்கி இருந்தாள்.

“அப்பிடி இல்லை,” என்றாள் பெனிற்றா. “நீட்டி இருங்கோ. இடம் எவ்வளவு வேணுமெண்டாலும் எடுங்கோ.”

சயந்தினி காலை நீட்டினாள். இன்னும் நீட்டினாள். பின்பலகையை இன்னும் சரிக்கச் சொன்னாள். கைகளை முன்னால் விட்டாள். அவை தாமாகப் போய் நின்ற இடத்துக்குச் சேகர் ஸ்டியரிங்கைக் கொண்டுவந்தான். அது அவர்கள் நினைத்திருந்ததைவிடத் தாழ்வாகவும் கிட்டவாகவும் இருந்தது. பாதங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் பெனிற்றா மூன்று மரக்கட்டைகளை வைத்தாள். அவை அவர்கள் நினைத்திருந்ததைவிட எவ்வளவோ தூரத்தில் இருந்தன.

ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்ற றமணன் மெல்லக் கிட்ட வந்தான்.

“கண் எங்க நிக்குது எண்டு பாத்தனீங்களோ?” என்றான்.

“எப்டி சார்?” என்றான் சேகர்.

“தலை எவ்வளவு உயரம் எண்டது முக்கியமில்லை. கண்தான் கண்ணாடிக்கு நடுவிலை வரவேணும். அவவுக்குக் கண்ணுக்கு மேலை நெத்தி பெரிசு.” அவன் ஒரு மட்டை அட்டையை எடுத்து, காரின் கண்ணாடி அளவுக்கு ஒடுங்கிய துளை ஒன்றை வெட்டி, சயந்தினியின் முகத்துக்கு முன்னால் பிடித்தான். ஒரு கண்ணை மூடச் சொன்னான், மற்றதை மூடச் சொன்னான். கடையில் நோயாளிகளுக்குச் சொல்வது போலவே சொன்னான். “இப்ப எது தெரியுது? கதவுப் பூட்டு தெரியுதோ? அதுக்குக் கீழை?” அட்டையை மேலும் கீழும் நகர்த்தி, பின்பலகையை இன்னொரு விரலளவு சரிக்கச் செய்தான். “இந்த இடம். இதிலை சுவரும் தெரியும், தரையும் தெரியும்.”

சேகர் எல்லாவற்றையும் அளந்து, காருக்குள் பொருந்துமா என்று பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் குரல் உயர்ந்துகொண்டே போனது. இருக்கைக்குப் பின்னாலுள்ள பெற்றோல் டாங்கைக் கழற்றி டிக்கிக்குள் வைத்தால், முதுகைச் சரிக்க இடம் வரும். எஞ்சினுக்கும் காலுக்கும் நடுவே நிற்கும் தகட்டுச் சுவரில் ஒரு பெட்டி போலக் குடைந்தால், பிரேக்கும் கிளட்சும் முன்னால் போகும். சின்ன ஸ்டியரிங் ஒன்றைப் போட்டு அதன் தண்டைத் தாழ்த்தினால், முழங்காலுக்கு மேலே வெறும் காற்றுத்தான்.

“வருது!” என்று கத்தினான். “பெனிற்றா, எல்லாமே வருது! ஹெல்மெட்டோட வருது!”

பிறகு அவன் குரல் இறங்கியது. “ஒரே ஒரு விஷயம். சீட்டை முன்ன பின்ன தள்றதுக்கு ரெயில் போட்டா ஒன்றரை இஞ்ச் போயிடும். அந்த ஒன்றரை இஞ்ச் நம்மகிட்ட இல்ல. சீட்டைத் தரையோட போல்ட் போட்டு முடுக்கணும். அப்புறம் சார் ஓட்ட முடியாது. கால் எட்டாது.”

றமணன் கையிலிருந்த அட்டையைக் கூடையின் மேல் வைத்துவிட்டு வெளியே போனான்.

சயந்தினி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவன் பின்னால் போனாள். பாலத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு அவன் தெருவைப் பார்த்தபடி நின்றான்.

“உங்களுக்கு அந்தக் கார் அவ்வளவு விருப்பமோ?” என்று கேட்டாள்.

“விருப்பம்தான்.” அவன் தெருவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: “உமக்குத் தெரியும்தானே. எங்க போனாலும் ஆக்கள் எங்கள் ரெண்டு பேரையும் ஒருக்கா மேலை பாத்து, ஒருக்கா கீழை பாப்பினம். நான் ஒண்டும் நினைக்கிறேல்லை எண்டு சொல்லுவன். ஆனால் அதுக்குள்ள இருந்து ஓடேக்கை, ஆருமே என்னை அளக்கிறேல்லை. காரைப் பாக்கினம், பிறகு என்னைப் பாக்கினம். அவ்வளவுதான்.”

சயந்தினி இதை எதிர்பார்க்கவில்லை. அவளை அளந்த கண்களைப் பற்றி அவள் வாழ்நாள் முழுவதும் யோசித்திருக்கிறாள். அவனை அளந்த கண்களைப் பற்றி யோசித்ததில்லை.

“அப்ப வேண்டாம்,” என்றாள். “வெட்ட வேண்டாம். நீங்களே வைச்சிருங்கோ. நான் பக்கத்திலை இருக்கிறன்.”

றமணனுக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன கதை கதைக்கிறீர்? அண்டைக்கு அந்த வயலுக்குள்ள கார் போய் நிண்டதைப் பாத்து எனக்கு உயிர் போய்ட்டுது. ஓடிவந்து கதவைத் திறந்தால் நீர் சிரிக்கிறீர்! கலியாணம் கட்டி இவ்வளவு காலத்திலை நீர் அப்பிடிச் சிரிச்சு நான் காணேல்லை. விக்கிறன் விக்கிறன் எண்டு சொன்னன்தானே, ஏன் விக்கேல்லை எண்டு நினைக்கிறீர்?” அவன் திரும்பிப் பட்டறைக்குள் போனான். வாசலில் நின்றபடியே சத்தமாகச் சொன்னான்:

“பெனிற்றா, வெட்டுங்கோ! சீட்டை நல்லா இறுக்கி முடுக்குங்கோ!”

அதற்குப் பிறகு பட்டறையில் ஓய்வே இருக்கவில்லை. வேலை முடிந்ததும் சயந்தினி நேரே ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போய்விடுவாள். பெனிற்றா குடைந்த சுவருக்குள் தலையை விட்டுக்கொண்டு வெல்டிங் செய்தாள். சிறிய உடம்பு என்பதால் டாஷ்போர்டுக்கு அடியில் முழுவதுமாகச் சுருண்டு படுக்க அவளால் முடிந்தது. றமணன் தினமும் தொலைபேசியில் கேட்பான்: “முழங்கால் முட்டுதோ? காலை எடுக்க ஏலுதோ? திரும்பத் திரும்ப எடுத்துப் பாத்தனீரோ?” கடைசியாக எல்லாம் பொருத்தியதும், அவனே வந்து காருக்குள் தலையை விட்டு, அக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்கும் பிரேக்கிலிருந்து அக்சிலரேட்டருக்கும் அவளைக் காலை மாற்றி மாற்றி வைக்கச் சொன்னான். தனக்குப் போதும் என்று தோன்றும்வரை விடவில்லை. பிறகு அதே விமான ஓடுபாதைக்குப் போய், அதே வேகத்தில் ஓடி, அதே இடத்தில் பிரேக்கை மிதித்தாள். கார் வேலிக்கு வெகுதூரத்திலேயே நின்றது.

ஓட்டத்து நாளன்று வானம் வெளுத்திருந்தது. கடல் பின்வாங்கிப் போய், ஈர மணல் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தட்டையாகக் கிடந்தது. அதில் பழைய கார்கள் வரிசையாக நின்றன: சிவப்பு, பச்சை, துருப்பிடித்த பழுப்பு. இரண்டிரண்டு கார்களாக விடுவார்கள். கொடி விழுந்ததும் மணலில் நேரே ஓடி எல்லைக் கம்பத்தைத் தாண்டவேண்டும்.

சயந்தினி வரிசையில் தன் முறைக்காகக் காத்திருந்தாள். பக்கத்தில் ஒரு சிவப்புக் கூப்பே. அதன் ஓட்டுநர் எட்டிப் பார்த்து, அவள் உட்கார்ந்திருந்த விதத்தைக் கண்டு கண்ணை விரித்தார். அவள் மடங்கியிருக்கவில்லை. கால் நீட்டி, முதுகு சாய்த்து, கைகள் தளர்ந்து, ஈஸிச்செயரில் இருப்பவள் போல இருந்தாள்.

கொடி விழுந்தது.

சில்லுகள் ஒரு கணம் சுழன்று மணலைத் தோண்டின. பிறகு பிடித்துக்கொண்டன. கார் கிளம்பிய வேகத்தில் முன்பக்கம் தூக்கியது, ஸ்டியரிங் லேசாகியது, பின்பக்கம் வாலாட்டியது. இடப்பக்கம் இழுத்தது. அவள் திருப்பினாள். கார் சொல்லுக் கேட்டது. வலப்பக்கம் இழுத்தது. மறுபடியும் திருப்பினாள். மறுபடியும் கேட்டது. சிவப்புக் காரின் மூக்கு அவளுடைய சில்லுக்கு நேரே இருந்தது, பிறகு பின்னால் போனது, பிறகு காணவே இல்லை. ஒடுங்கிய கண்ணாடிக்குள் மணலும் வானமும் மட்டும். எல்லைக் கம்பம் சர்ரென்று போனது. காலை எடுத்தாள். அது நோகாமல், முட்டாமல், பிரேக்குக்குப் போனது.

திரும்பி வந்தபோது பெனிற்றா மணலில் துள்ளிக்கொண்டிருந்தாள். “வெண்டிட்டியடி! வெண்டிட்டாய்!” என்று மரியாதையையெல்லாம் மறந்து கத்தினாள். சேகர் தொப்பியைக் கழற்றிக் கடலை நோக்கி வீசிவிட்டு, பிறகு அதை எடுக்க ஓடினான். றமணன் மட்டும் முதலில் கேட்டது: “முழங்கால்?”

“ஒண்டுமில்லை! ஒண்டுமே இல்லை!”

அடுத்த சுற்றிலும் அவள் வென்றாள். மூன்றாவதில், வயதான ஒரு அம்மா ஓட்டிய பச்சை நிறக் காரிடம் பானற் எனும் முன்மூடி ஒன்றின் நீளத்தால் தோற்றாள். அது பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. ஏனென்றால் அதற்குள் அவளுடைய காரைச் சுற்றி ஒரு கூட்டம் கூடிவிட்டது. எல்லாரும் உயரமானவர்கள். மூன்று அங்குலம் தரை இறங்கியதைக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். சுவரைக் குடைந்ததைப் பார்த்து விசிலடித்தார்கள். ஒவ்வொருவராக ஏறி இருந்தார்கள், இறங்க மனமில்லாமல் இருந்தார்கள். பெனிற்றாவின் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டார்கள்.

கடைசியாக வந்தவர் மால்கம் என்ற நோர்ஃபோக் விவசாயி. ஆறடி ஆறு அங்குலம். அவர் ஏறி, காலை நீட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்ததும், “ஐயோ, முழுசாக உட்கார்ந்திருக்கிறேன்,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். கண்கள் கலங்கியிருந்தன. அவருக்கும் ஒரு கார் இருந்தது. பல குளிர்காலங்கள் இருந்து தன் கையால் கட்டிய ஆஸ்டின் செவன். குழந்தை விளையாட்டுச் சாமான் போல அவ்வளவு சிறியது. மோட்டார் சைக்கிள் எஞ்சின் பூட்டியது. கட்டி முடித்த பிறகுதான் அதற்குள் தன்னால் இருக்க முடியாது என்று கண்டுபிடித்தாராம். ஒரு முழங்காலைக் கதவுக்கு வெளியே விட்டுக்கொண்டுதான் ஓட்டுவார். முழங்கால் வெளியே நிற்க ஓடவிடமாட்டோம் என்று இங்கே சொல்லிவிட்டார்கள்.

றமணன் பக்கத்தில் நின்ற அந்தச் சின்னக் காரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மால்கம் அவனைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மறுபடியும் அவனைப் பார்த்தார். “நீங்கள் கொஞ்சம் ஏறிப் பார்க்கிறீர்களா?” என்று கேட்டார்.

றமணன் ஏறினான். கதவைச் சாத்தினான். கால் எட்டியது, கை எட்டியது, கண் கண்ணாடிக்கு நடுவே வந்து நின்றது. அவன் நிமிர்ந்து சயந்தினியைப் பார்த்த பார்வையில் வயதே இல்லை.

மால்கம் போய் ஒழுங்கமைப்பாளர்களோடு கதைத்தார். நாள் முடிவில், கணக்கில் சேராத ஓட்டம் ஒன்று விடலாம் என்றார்கள். றமணனுடைய உரிமத்தைப் பார்த்தார்கள். கையெழுத்து வாங்கினார்கள். சேகர் யாரிடமோ ஒரு ஹெல்மெட் வாங்கி வந்து அவனுக்கு மாட்டிவிட்டான். இப்போது வரிசையில் கறுப்பு ஃபோர்டும் சின்ன ஆஸ்டினும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். கைதட்டினார்கள்.

“சயந்தி!” என்று அடுத்த காரிலிருந்து குரல் வந்தது. “விட்டுத் தரவேண்டாம், கேட்டுதோ?”

“விடவே மாட்டன்!”

கொடி விழுந்தது. அவள் விடவில்லை. எல்லைக் கம்பத்தைத் தாண்டிக் காரை நிறுத்தி, தலையைத் திருப்பிப் பார்த்தபோது, மணலின் நடுவே அந்தச் சின்னக் கார் தேனீ போல இரைந்துகொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெளிந்துகொண்டு, ஈர மணலை வாரி இறைத்துக்கொண்டு வந்தது. கம்பத்தைத் தாண்டியது. நிற்கவில்லை. அவளைச் சுற்றி ஒரு பெரிய வட்டமடித்தது. ஹெல்மெட்டுக்குள் அவன் ஏதோ கத்திக்கொண்டிருந்தான். எஞ்சின் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

தூரத்தில் கடல் திரும்பி வரத் தொடங்கியிருந்தது. மஞ்சள் சட்டை போட்ட ஒழுங்கமைப்பாளர்கள் கையை ஆட்டி, எல்லாரையும் கரைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். றமணன் காரை அவளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். முகம் முழுக்க மணல்.

“இன்னும் ஒருக்கா,” என்றான் மூச்சிரைக்க. “தண்ணி இஞ்ச வாறதுக்கு நேரம் இருக்கு. ஒருக்கா மட்டும், சயந்தி.”